வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும்

கில்நாகன் கெய்லிக் (ஐரிஷ்) கால்பந்து கிளப்,
கால்வே மாவட்டம்.
7 நவம்பர் 1988

டெரிவீன் கிளப் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

கொனாக்ட் மாகாண ஜூனியர் கிளப் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், வருகிற 27ஆம் தேதி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, பாலினஸ்லோ மைதானத்தில், எங்கள் கிளப்பும் தங்கள் கிளப்பும் மோதவிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒன்று. எங்கள் சட்டை சிவப்பு. தங்கள் சட்டை கருஞ்சிவப்பு. மழையில் நனைந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். நாங்கள் அறுபத்திரண்டு வருடமாகச் சிவப்பு.

இரண்டு. ஓர் அணிக்கு மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேர் மட்டுமே. நான்காவதாக ஒருவன் கோட்டுக்குள் காலை வைத்தாலும், தோற்றவர்கள் ஆட்சேபனை மனு கொடுத்தால் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். தங்கள் ஊரில் மூன்று வரை எண்ணத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அன்று கோட்டோரம் நிறுத்தி வைக்கவும்.

மூன்று. இடைவேளைத் தேநீரும் சாண்ட்விச்சும் அவரவர் பொறுப்பு.

இப்படிக்கு,
ஃபின்டன் கெராட்டி,
செயலாளர்.

பி.கு.: இந்தக் கடிதம் விதிப்படி அயர்லாந்தில் செய்த, நீர்க்குறி உள்ள காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். இதெல்லாம் சிலருக்குத் தெரிவதில்லை என்பதால் சொல்கிறேன்.


டெரிவீன்,
ராஸ்காமன் மாவட்டம்.
10 நவம்பர் 1988

கில்நாகன் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நீர்க்குறி அம்சமாக இருக்கிறது. என் மனைவி பார்த்தாள், மூன்று பெண்களும் வரிசையில் நின்று பார்த்தார்கள், ஆட்டுக்குட்டி விலை கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துவிட்டுப் போனார்.

சட்டையை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். பக்கத்து ஊர் கிளப்பில் வெள்ளைச் சட்டை இரவல் கேட்டிருக்கிறோம். மூன்று வரை எண்ணத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தேநீர் எங்களிடம் உண்டு.

அலுவல் முடிந்தது. இனி அண்ணாவுக்கு.

பன்னிரண்டு வருடம் ஆயிற்று, ஃபின்டன் அண்ணா. நடுவில் ஓர் ஆறு, ஒரு பாலம், ஏழு மைல். உன்னிடமிருந்து முதல் கடிதம், அதுவும் சட்டைக்காக. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன்.

நீ மறக்கவில்லை என்று தெரிகிறது. நான் மட்டும் மறந்தேனா? எழுபத்தாறில் கில்நாகனுக்குச் செயலாளர் நான். கால்வே மாவட்ட இறுதி ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் தோற்றோம். ஜெயித்தவர்கள் பாஸ்டனிலிருந்து ஒருவனை வரவழைத்து வேறொருவன் பெயரில் ஆடவிட்டிருந்தார்கள். ஊருக்கே தெரியும். ஒரு மனு எழுதினால் கோப்பை நமக்கு. அப்போது நான் அட்ராக்டா வீட்டில் இருந்தேன், அடுத்த சனிக்கிழமை எங்களுக்குக் கல்யாணம். அவளுடைய நீலக் காகித அட்டை மேசையில் கிடந்தது, பர்மிங்காமிலிருந்து அவள் அத்தை அனுப்பியது. அதிலேயே எழுதிக்கொண்டு ஓடினேன். மாவட்டச் செயலாளர் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "அருமையான மனு தம்பி. ஆனா இது இங்கிலீஷ்காரன் காகிதமாச்சே" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு காகிதத்தில் எழுத நேரம் இல்லை, கோப்பை போய்விட்டது.

நான் செய்தது தப்பு. அன்றைக்கே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் நீ செய்தது என்ன? என் மாப்பிள்ளைத் தோழன் நீ. மோதிரம் உன் சட்டைப் பையில். கோயில் வாசலையே பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். கடைசியில் அட்ராக்டாவின் அத்தை தன் விரலைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். இன்றுவரை அட்ராக்டா போட்டிருப்பது அதுதான்.

ஒரு காகிதத்துக்காக, அண்ணா.

ஜார்லத்


கில்நாகன்,
15 நவம்பர் 1988

ஜார்லத்,

சட்டை விஷயத்தில் ஒத்துழைத்ததற்குக் கிளப் சார்பில் நன்றி.

காகிதத்துக்காக என்று நீ எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. பதினாறு வருடம் இந்த ஊருக்காக ஆடினேன். அந்த இறுதி ஆட்டத்தில் நம்முடைய ஒன்பது புள்ளியில் ஆறு நான் உதைத்தது. அப்போது எனக்கு முப்பத்து மூன்று, இடது முட்டி அப்போதே போய்விட்டது. அந்தப் பதக்கம் கோட்டுப் பொத்தான் அளவுகூட இருக்காது. அது எனக்கு வேண்டியிருந்தது. மனுவை எடுத்துக்கொண்டு நீ போனபோது நான் மாட்டுக்கொட்டகையில் பாடிக்கொண்டு பால் கறந்தேன். அந்தப் பாட்டை அப்புறம் நான் பாடவேயில்லை. விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, நீ விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மோதிரத்தைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை. அது பத்திரமாக இருக்கிறது.

உன் கடிதத்தைக் கொண்டுவந்தவன் நம் பேக்கி லோஹன். தபால்காரன் வேலை, மாற்று ஆட்டக்காரன் வேலை, இரண்டையும் ஒரே வேகத்தில் செய்கிறான். நாற்பத்தொரு வயது. 'ஜூனியர்' என்று பெயர்தான், எங்கள் அணியில் பாதிப் பேருக்கு வழுக்கை. சின்ன ஊர்களுக்கான கடைசித் தரம், அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆனால் மாகாண இறுதி ஆட்டம் என்றதும் பேக்கி சைக்கிளை நிறுத்தாமல் மிதிக்கிறான், வயிற்றைக் குறைக்கிறானாம். உறையில் ராஸ்காமன் முத்திரையைப் பார்த்துவிட்டு, "எதிரி முகாம்லேர்ந்து வந்திருக்கு. நெருப்புல போடவா, கையில தரவா?" என்றான். கையில் தரச் சொன்னேன்.

மூன்று பெண்கள் என்று எழுதியிருக்கிறாய். பெயர்கள் என்ன? பதிவுக்காகக் கேட்கிறேன்.

ஃபின்டன்


டெரிவீன்,
22 நவம்பர் 1988

அண்ணா,

பதிவுக்காக: சோர்ஷா, நெஸ்ஸா, யூனா. மூன்றாவது பையனாக இருந்தால் ஃபின்டன் என்று வைப்பதாக இருந்தோம். யூனா பிறந்தாள். பிடிவாதத்தைப் பார்த்தால் அந்தப் பெயரையே வைத்திருக்கலாம் என்று அட்ராக்டா சொல்கிறாள்.

இங்கே ஒரே கூத்து. வெள்ளைச் சட்டை வந்துவிட்டது, எல்லாம் ஒல்லிப் பிள்ளைகளுக்குத் தைத்தது. எங்கள் தலைவர் டாம் ஜோ தன் மகனுக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் பார்த்துவிட்டு, "கையைத் தூக்காம ஆட முடியுமாடா உன்னால?" என்று கேட்டார். பாதிரியார் பூசையில் அறிவிப்பு வாசிக்கும்போது இறந்தவர்கள் பெயருக்கு முன்னால் அணிப் பட்டியலை வாசித்துவிட்டார். ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் யாராவது டெரிவீனும் கில்நாகனும் மாகாண இறுதி ஆட்டத்தில் என்று சொல்லியிருந்தால் மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருப்பார்கள். நம் அப்பா இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கம்பத்துக்குப் பின்னால் நின்று இரண்டு அணியையும் திட்டியிருப்பார் என்று படுகிறது.

அட்ராக்டா ஒன்று கேட்கச் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்: "ஞாயித்துக்கிழமை மைதானத்துல நேருக்கு நேரா பார்த்தா, உங்க அண்ணன் பேசுவாரா, இல்ல வேலியப் பார்த்துக்கிட்டு நிப்பாரா?"

பதில் எதுவானாலும் உங்களை நொறுக்கப் போகிறோம். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஜார்லத்


கில்நாகன்,
28 நவம்பர் 1988

தம்பி,

பத்துக்கு ஒன்பது!

எங்களுக்கு ஒரு கோலும் ஏழு புள்ளியும், உங்களுக்கு ஒன்பது புள்ளி. கோலுக்கு மூன்று, கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. நூறு தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன், பத்துக்கு ஒன்பதுதான் வருகிறது. ராத்திரி தூங்கவேயில்லை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள். இன்று காலை மாடுகளுக்குக்கூட இரண்டு பங்கு தீனி வைத்தேன்.

அந்த ஆலங்கட்டி மழையில் உன் ஆட்கள் ஆடிய ஆட்டத்தை மறுக்க மாட்டேன். இடைவேளைக்கு அப்புறம் நம் பக்கம் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. டெக்லனை இறக்கினேன். பிறகு கொல்மனை. கால் மணி நேரம் இருக்கும்போது மார்ட்டினை. மார்ட்டின் போன வேகத்தில் அந்தக் கோல்! பந்து வலைக்குள் போனதா என்று கம்பத்தோரம் அந்த வெள்ளைக் கோட்டுத் துணை நடுவர் யோசித்துக்கொண்டு நின்றாரே, கோலுக்கான பச்சைக் கொடியைத் தூக்குவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. கடைசியில் எண்டா ஃபேஹி அந்த ஓரத்திலிருந்து உதைத்து ஒரு புள்ளி முன்னால் போனோம், அடுத்த நொடி உன் ஆள் முழங்கை பட்டு அவன் மூக்கு உடைந்தது. ரத்தம் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், பேக்கி நின்றான். "போடா உள்ளே" என்றேன். "நானா? எனக்கா சொல்ற?" என்றான். அட மாதாவே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஓடினான், பந்து அவன் பக்கமே வரவில்லை, ஆனால் ஓடினான்!

ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸை ஊர் எல்லையில் நிறுத்தி எல்லாரும் இறங்கிக் கோப்பையோடு நடந்தோம். வழி நெடுக நெருப்பு மூட்டியிருந்தார்கள். பீட்டர்ஸ் லேனில் ஒருவர் வீட்டுக் கதவையே எரித்துவிட்டாராம், பழைய கதவுதான்.

இப்போது வேறொன்று. தோற்றவர்கள் சார்பில் ஒருவர் ஜெயித்தவர்கள் அறைக்கு வந்து நாலு வார்த்தை பேசுவது வழக்கம். நீ வந்தாய். நீ பேசியது அத்தனையும் கேட்டேன். "இந்தச் சட்டையை நானும் போட்டிருக்கேன், இது ஜெயிச்சதுல எனக்குப் பாதி சந்தோஷம், மீதிப் பாதிய நாளைக்குப் படுறேன்" என்றாய். எல்லாரும் தட்டினார்கள். நான் கதவுக்குப் பின்னால் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையைப் பதினொரு தடவை எண்ணினேன். வெளியே வந்து கை கொடுத்திருக்கலாம். வரவில்லை. கோட்டோரம் நீ தலையசைத்தாய், நானும் அசைத்தேன், அதையாவது கணக்கில் சேர்த்துக்கொள் என்று அட்ராக்டாவிடம் சொல்.

ஃபின்டன்


டெரிவீன்,
30 நவம்பர் 1988

அண்ணா,

முதலில் வாழ்த்து. மனதாரச் சொல்கிறேன். கதவுக்கு அடியில் உன் காலணி தெரிந்தது. அந்தப் பேச்சைக் காலணிக்குத்தான் பேசினேன்.

இரண்டாவதாக, உன் கடிதத்தை மறுபடி படி. டெக்லன், கொல்மன், மார்ட்டின், பேக்கி. எண்ணிப் பார்.

நடுவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், மழையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் டாம் ஜோவின் மைத்துனனும் எண்ணியிருக்கிறான். நேற்று கமிட்டி கூடியது. "விதி விதிதான். கோப்பை நம்மளது" என்று ஒரு கூட்டம். "அந்த நாலாவது ஆள் உள்ள வர்றதுக்கு முன்னாலயே அவனுங்ககிட்ட நியாயமா தோத்துக்கிட்டுதானே இருந்தோம்" என்று இன்னொரு கூட்டம். ஓட்டுப் போட்டார்கள். ஆறுக்கு ஐந்து. மனு கொடுப்பது என்று முடிவு. நான் ஐந்தில் ஒருவன்.

மனுவை எழுத வேண்டியவன் செயலாளர். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் அது மாகாணக் கவுன்சில் கைக்குப் போக வேண்டும். கொடுத்தால் உங்கள் கோப்பை போய்விடும், அதில் வாதாட ஒன்றுமில்லை. எழுதாமல் இருந்தால் நான் இந்த ஊரின் நம்பிக்கையைக் கெடுத்தவன் ஆவேன். பன்னிரண்டு வருடம் முன்பு வெறுங்கையோடு வந்தவனை இவர்கள் தங்களில் ஒருவனாக வைத்துக்கொண்டார்கள்.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை, அது நியாயமும் இல்லை. வேறு யார் வாயிலிருந்தும் இதை நீ கேட்கக் கூடாது, அதற்காகத்தான் எழுதினேன். மூன்று வாரமாக உன் கடிதம் வருகிறதா என்று தபால் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அதுவும் இதோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஜார்லத்


கில்நாகன்,
1 டிசம்பர் 1988, காலை பதினோரு மணி

தம்பி,

எழுது.

உன் கடிதத்தோடு பேக்கி வாசலில் நின்றான். "என்ன, வாழ்த்தா?" என்றான். படித்துக் காட்டினேன். சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான். "நான் பந்தத் தொடவே இல்லையேடா" என்றான். இரண்டு தடவை சொன்னான். அவன் மேல் என்ன தப்பு? அனுப்பியவன் நான். எட்டாம் பக்கம், மூன்றாம் பத்தி, மாற்று ஆட்டக்காரர் மூவர் மட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உனக்குச் சட்டமாக எழுதி அனுப்பியவனும் நானே. ஆலங்கட்டி மழையில் ஒரு புள்ளி முன்னால் நின்றபோது எனக்கு எட்டாம் பக்கமும் தெரியவில்லை, ஒன்பதாம் பக்கமும் தெரியவில்லை.

உனக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா? அடுத்த வாரம் கல்யாணம், கைக்கு எட்டிய காகிதம், ஓடினாய். இது எனக்குப் புரிய நானே அதைச் செய்ய வேண்டியிருந்தது.

எழுது, நன்றாக எழுது, உன் ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய். நாங்கள் எதிர்த்து வாதாட மாட்டோம். இத்துடன் நீர்க்குறி உள்ள காகிதம் ஒன்று வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அதில் எழுது. இந்தத் தடவை காகிதத்தால் உனக்கு ஒரு கெட்ட பெயர் வரக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தன்று நான் கிளம்பினேன். புதுக் கோட்டு, பையில் மோதிரம், தலையில் அப்பாவின் தொப்பி. பாலம்வரை வந்தேன். அங்கே நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்று, "அந்த நீலக் காகிதக்காரனுக்குத் தோழனா நிக்கப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். திரும்பிவிட்டேன். மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. மறு வாரம் இன்னும் வெட்கம். அப்படியே பன்னிரண்டு வருடம். கோபம் என்று எல்லாரிடமும் சொன்னேன். கோபம் ஆறு மாதத்தில் போய்விட்டது தம்பி, மீதி எல்லாம் வெட்கம்தான்.

தபாலில் போட்டால் நாளை மதியத்துக்குள் வராது. பேக்கியே கொண்டுவருகிறான், தன் எல்லையைத் தாண்டி. அவனுக்கு ஒரு வாய் தேநீர் கொடு.

ஃபின்டன்


டெரிவீன்,
6 டிசம்பர் 1988

அண்ணா,

இதற்குள் செய்தி உன் காதுக்கு வந்திருக்கும். ஆனால் முழுக் கதை என்னிடம்தான் இருக்கிறது.

வியாழன் மதியம் பேக்கி நனைந்த கோழி மாதிரி வந்து நின்றார். அட்ராக்டா ஆப்பிள் டார்ட் வைத்தாள். மூன்று துண்டு சாப்பிட்டார். நான்காவதை வைத்தபோது தட்டைக் கையால் மூடிக்கொண்டார்: "வேணாம் தாயி. நாலாவது எனக்கு ராசியில்ல."

அவர் போனதும் உன் கடிதத்தைப் படித்தேன். முடிக்க முடியாமல் அட்ராக்டாவிடம் கொடுத்தேன். உன்மேல் அவளுக்கு என்னைவிடக் கோபம், உனக்குத் தெரியும். நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். எழுந்து மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த நீலக் காகித அட்டை! பன்னிரண்டு வருடமாகப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள். உன் வெள்ளைக் காகிதத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"உங்க அண்ணன் பாலம் வரைக்கும் வந்தாராமே. மீதிப் பாதிய நாம போவோம்" என்றாள்.

ஊருக்குத் துரோகம் செய்ய என்னால் முடியாது என்றேன். அப்போது கதவு தட்டப்பட்டது. எங்கள் கேப்டன் கொனர், அவன் பின்னால் அணி முழுவதும், வேலை உடுப்போடு. "ஜார்லத், தபால்ல வர்ற கோப்பை எங்களுக்கு வேணாம். அத எங்க வச்சு என்ன சொல்லிப் பாடுறது? அந்தத் தபால்கார மனுஷன் ரெண்டு நிமிஷம் ஓடுனதுல நாங்க தோக்கல. நாங்களா தோத்தோம்" என்றான். கமிட்டி ஓட்டுப் போட்டுவிட்டதே என்றேன். "அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு மீதி டார்ட்டைத் தீர்த்துவிட்டுப் போனார்கள்.

மனுவை எழுதினேன் அண்ணா. ஒரு குறையும் இல்லாமல் எழுதினேன். நான்கு பெயர், நான்கு நேரம், எட்டாம் பக்கம் மூன்றாம் பத்தி. அந்த நீலக் காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! வெள்ளிக்கிழமை காலை டாம் ஜோவிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். ஆறு பேரில் முதலில் கை தூக்கியவர் அவர். காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பக் காகிதத்தைப் பார்த்தார். கடைசியில், "நல்ல காகிதம்டா. தடியா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை வந்து, "என் மகன் மூணு நாளா என்னோட பேசல. இனிமே பேசுவான்" என்றார்.

நேற்று கவுன்சில் கூடியது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தள்ளுபடி. கோப்பை உங்களுடையது. மாகாணச் செயலாளர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே?" என்றார். எழுபத்தாறில் ஜன்னலில் பிடித்துப் பார்த்த அதே மனிதர், பதவி உயர்ந்திருக்கிறார். "அப்பவும் நான்தான் ஐயா" என்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஊரில் டாம் ஜோவின் மைத்துனன் மட்டும் என்னை இந்த நாட்டிலேயே பெரிய முட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒரே தப்பை இரண்டு மாவட்டத்தில் செய்தவன் வேறு யாரும் இல்லையாம். மற்றவர்கள் எனக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்கிறார்கள். முதல் தடவை செய்ததற்கு அழுதேன். இந்தத் தடவை வீடு வரும்வரை காரில் பாடிக்கொண்டு வந்தேன், எந்தப் பாட்டு என்று உனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய வெள்ளைக் காகிதம் பயன்படவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வேறு ஏதாவது நல்ல ஆட்சேபனைக்கு வைத்துக்கொள்.

உன் தம்பி,
ஜார்லத்


கில்நாகன்,
9 டிசம்பர் 1988

டெரிவீன், ஜார்லத் கெராட்டி குடும்பத்தார் கமிட்டிக்கு,

பொருள்: ஆட்சேபனை மனு.

1976ஆம் வருடம் அக்டோபர் மாதம் டெரிவீன் கோயிலில் ஜார்லத்துக்கும் அட்ராக்டாவுக்கும் நடந்த கல்யாணம் குறித்துக் கீழே கையெழுத்திட்ட நான் ஆட்சேபனை தெரிவிக்கிறேன். காரணங்கள்:

ஒன்று. மாப்பிள்ளை பக்கம் ஓர் ஆள் குறைவாக ஆடினார்கள். அந்த ஆள் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு. பயன்படுத்திய மோதிரம் வேறொருவர் பெயரில் உள்ளது.

மூன்று. மணமகனின் அண்ணன் சோர்ஷா, நெஸ்ஸா, யூனா ஆகிய மூவரையும் இதுவரை பார்த்ததில்லை. இது எந்த விதியின்படியும் சரியல்ல.

ஆகவே ஆட்டம் செல்லாது என்றும், அதே மைதானத்தில் மறுபடி நடத்தப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பாதிரியார் ஒரு வாழ்த்து மட்டும் சொன்னால் போதும். ஆள் இந்தத் தடவை நேரத்துக்கு வருவான். பாலத்தில் யார் நின்றாலும் வருவான், தவிர அவர்களில் இருவர் செத்துவிட்டார்கள், மற்றவர்கள் என் பின்னால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார்கள். தோற்ற ஊருக்குக் கோப்பை போன வழக்கம் இல்லை. விதிப்புத்தகத்தில் தடையும் இல்லை, முழுக்கப் பார்த்துவிட்டேன்.

மனுவோடு கட்டவேண்டிய கட்டணமாக ஒரு மோதிரம், கால்சட்டைப் பொத்தான் டப்பாவில் பத்திரமாக இருந்தது, பேக்கி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஃபின்டன் கெராட்டி,
மாப்பிள்ளைத் தோழன்.


டெரிவீன்,
12 டிசம்பர் 1988

அண்ணா,

உன் மனுவைக் கமிட்டி பரிசீலித்தது. தலைவர் அட்ராக்டா. உறுப்பினர்கள் மூன்று பேர், மூவரும் நாற்காலி மேல் ஏறி நின்று காகிதத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்கள். நீர்க்குறி சரியாக இருக்கிறது.

கட்டணம் அளவு பார்க்கப்பட்டது. விரல் கொஞ்சம் பருத்துவிட்டது. சோப்புத் தண்ணீர் போட்டதும் போய்விட்டது, இனி கழற்ற முடியாது என்று தலைவர் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மனு ஏகமனதாக ஏற்கப்பட்டது. மறு ஆட்டம் ஞாயிறு, பதினோரு மணிப் பூசை முடிந்ததும். சாப்பாடு ஒரு மணிக்கு. பன்றிக்கறியும் முட்டைக்கோசும். எத்தனை பேர் வந்தாலும் சரி, இங்கே யாரும் எண்ணப் போவதில்லை.

ஜார்லத்